கடைசி நிறுத்தம், சாவிக்கடை

சாவிக்காரருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. தொழில் அப்படி. வீட்டைப் பூட்டிச் சாவியைத் தொலைத்தவன் ஓடி வந்து நின்றால், முதலில் அது உன் வீடுதானா என்று கேட்பார். அடுத்து, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்பார். அதற்குப் பிறகுதான் கருவிப் பெட்டியைத் தூக்குவார். பெற்ற மகன் விஷயத்தில் மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் விட்டுவிட்டோமே என்று ஒரு வாரமாக அவருக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

உறுத்தலுக்குக் காரணம் ஒரு வெளிநாட்டுக் கிழவி. போன வாரக் கதையைப் படிக்காதவர்களுக்காக அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மகன் ஊர் சுற்றிக் காட்டுகிறவன். மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பான், வெளிநாட்டு ஆட்கள் ஆட்டுமந்தையாகப் பின்னால் வருவார்கள். கடைசி நிறுத்தம் அப்பாவின் சாவிக்கடை. கடை வாசலில் நின்று அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லுவான். அவர்கள் சாவிக்காரரைப் பார்த்துத் தலையைச் சாய்த்து உச்சுக் கொட்டுவார்கள். போகும்போது ஆளுக்கொரு பழைய சாவியை வாங்கிப் போவார்கள். எந்தப் பூட்டுக்கு என்று ஒருத்தரும் கேட்டதில்லை. புத்தி சுவாதீனம் இல்லாத ஜனங்கள் என்று சாவிக்காரர் நினைத்துக்கொள்வார்.

"நீங்க ஒண்ணும் பேசாதீங்கப்பா. தலையைக் குனிஞ்சு அரத்தைப் போட்டுக்கிட்டே இருங்க. அது போதும்" என்பது மகன் போட்ட ஒரே நிபந்தனை.

போன வாரம் அப்படி வந்த கூட்டத்தில் அந்தக் கிழவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மேஜை மேல் ஒரு வெள்ளைப் பூவை வைத்துவிட்டுப் போனாள். ஏன் என்று கேட்டதற்கு, "அவங்க அப்பாவும் சாவிக்காரராம், ஞாபகம் வந்துடுச்சாம்" என்றான் மகன். கேட்ட கேள்விக்கு மூச்சு விடும் நேரத்தில் வந்த பதில். அதுதான் சாவிக்காரருக்கு இடித்தது. உண்மை அவ்வளவு வேகமாக வராது.

இதற்கு நடுவில்தான் கடைப் பேச்சு. கடையை மகன் பேருக்கு மாற்றிக் கொடுக்கவேண்டும். மகன் அதைத் தான் வேலை பார்க்கும் டூர் கம்பெனிக்கு வாடகைக்கு விடுவான். சாவி வெட்டும் மெஷின் போய் அந்த இடத்தில் டிக்கெட் மேஜை வரும். மூலையில் அப்பாவுக்கு ஒரு நாற்காலி. மனைவி பத்து நாளாகக் காதைக் கடித்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கையெழுத்துப் போடுவதாகச் சாவிக்காரரும் தலையை ஆட்டிவிட்டார்.

அந்த ஞாயிறு வந்துவிட்டது. அன்றைக்குக் காலையில்தான் கம்பெனி முதல் தடவையாக உள்ளூர் ஆட்களுக்கு, உள்ளூர் பாஷையில், ஒரு நடைச் சுற்றுலா வைத்திருந்தது. 'சொந்த ஊரைச் சுற்றிப் பாருங்கள்' என்று சுவரெல்லாம் ஒட்டியிருந்தார்கள்.

சொந்த ஊரைப் பார்க்க டிக்கெட்டா என்று சாவிக்காரர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் போய் ஒரு டிக்கெட் வாங்கினார். கடையை எழுதிக் கொடுப்பதற்கு முன்னால், இத்தனை நாள் தன்னைக் காட்டி என்ன சொல்லியிருக்கிறான் என்று தன் காதால் கேட்டுவிட வேண்டும். பூட்டைப் பிரித்துப் பார்க்காமல் சாவி வெட்டுகிறவன் அல்ல அவர்.

*

மணிக்கூண்டடியில் கூட்டம் நின்றது. வாயில் எப்போதும் ஒரு கேள்வியோடு அலைகிற ஒரு பல் டாக்டர். ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா. போன மாதம் கல்யாணமான ஒரு ஜோடி. ஊரைப் பார்க்க வந்தார்களா ஒருவரையொருவர் பார்க்க வந்தார்களா என்று தெரியவில்லை. இன்னும் சில பேர். எல்லாரும் ஊரின் அந்தக் கோடியிலிருந்து வந்தவர்கள், சாவிக்காரரை அறியாதவர்கள். கடைசியில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் நின்றாள். கம்பெனியின் மேனேஜர். நடை எப்படிப் போகிறது என்று பார்க்க வந்திருந்தாள்.

அப்பாவைப் பார்த்ததும் மகனின் முகம் பூட்டுக்குள் முறிந்த சாவி போல ஆனது. குடையோடு பக்கத்தில் வந்தான்.

"என்னப்பா இங்க?"

"ஊரைப் பார்க்க வந்தேன்."

"கடையில யாரு?"

"யாரும் இல்லை. ஷட்டரை இழுத்து விட்டுட்டேன்."

"ஐயோ அப்பா. கடைசி நிறுத்தமே அங்கதான். நீங்க அங்க உட்கார்ந்திருக்கணும்."

"ஏன், எனக்குக் கால் இல்லையா? டிக்கெட் வாங்கியிருக்கேன், பாரு."

மேனேஜரம்மா வந்துவிட்டாள். "யாரு இவரு? உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

மகனின் தொழிலில் ஒரு விதி உண்டு. அதை அவனே வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். கூட்டத்தில் ஒருத்தர் கேள்வி கேட்டால் மூன்று எண்ணுவதற்குள் பதில் வரவேண்டும். 'தெரியாது' என்று சொல்லக்கூடாது, யோசிக்கிற மாதிரி தெரியக்கூடாது. யோசித்தால் கூட்டம் கையை விட்டுப் போய்விடும்.

"இல்லை மேடம். டிக்கெட் சரியான்னு கேட்டார்" என்றான்.

மூன்று கூட ஆகவில்லை.

வேலை செய்யும் இடத்தில் அப்பனைக் கூட்டி வந்தால் அந்தம்மா கோபிப்பாளோ என்னவோ என்று சாவிக்காரர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அடுத்தவர்களுக்கு ஒரு சமாதானமும் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். தனக்கென்றால் எப்படியோ வந்துவிடுகிறது.

நடை புறப்பட்டது.

மகன் பேசினான். பேசுவது அவனுக்குப் பிறவிக் குணம். சின்ன வயதிலேயே அவனுக்கு 'ரேடியோ' என்று பேர் வைத்தவர் சாவிக்காரர்தான். பள்ளிக்கூட மேடையில் ஒப்பிக்க வேண்டியதை வீட்டில் அவன் நின்று சொல்லிப் பார்த்தால், "யாராவது ரேடியோவை அணைங்க" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். பையன் அணைந்துபோவான்.

"இந்த மரத்துக்கு என்ன வயசு?" என்றார் பல் டாக்டர்.

"நூத்திப் பத்து சார்."

மரத்துக்கே தெரியாத வயசு என்று சாவிக்காரர் முணுமுணுத்தார்.

"அந்த ஜன்னல் ஏன் அடைச்சிருக்கு?"

"உள்ளே ஒரு ஓவியர் இருந்தார் சார். வெளிச்சம் பிடிக்காது."

வெளிச்சம் பிடிக்காத ஓவியர். பல் டாக்டர் அதையும் முழுங்கினார். இதற்குத்தான் படிப்பு வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே சாவிக்காரர் பின்னால் நடந்தார்.

பழைய சிறைச்சாலையின் பின்சுவருக்கு வந்தார்கள். சந்தைக்குப் போகும் வழி. சாவிக்காரர் ஆயுசில் பாதி நாள் அந்தச் சுவரை உரசிக்கொண்டு போயிருக்கிறார். ஒரு தடவை கூட நின்றதில்லை. மகன் நின்றான். குடையின் நுனியால் முழங்கால் உயரத்தில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த ஒரு பொந்தைக் காட்டினான்.

"இங்க வெளியே பெண்கள் வந்து உட்காருவாங்க. இந்த ஓட்டையில கையை விடுவாங்க. உள்ளே இருக்கிற ஆம்பளைங்க ஒவ்வொருத்தரா வந்து தொட்டுப் பார்ப்பாங்க. முகம் தெரியாது. பேசக்கூடாது, பேசினா அடி. கையைத் தொட்டுத்தான் இது என் பொண்டாட்டி, இது என் அம்மான்னு கண்டுபிடிக்கணும்."

பல் டாக்டருக்குக் கூடக் கேள்வி வரவில்லை.

"தப்பான கையைப் பிடிச்சவங்களும் இருப்பாங்க" என்றான் மகன், குரலைத் தாழ்த்தி. "விட்டிருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன்."

டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட்டம் நகர்ந்தது. சாவிக்காரர் நகரவில்லை. குனிந்து பொந்தில் கையை விட்டார். வெளி விளிம்பில் கல் சொரசொரப்பாக இருந்தது. உள்ளே போகப்போக வழவழப்பு. மழை இப்படித் தேய்க்காது. ஒரே சாவியை வருஷக்கணக்கில் பிடித்துத் திருப்பினால் அதன் தலை தேயுமே, அந்தத் தேய்மானம். விரல்கள்தான் தேய்த்திருக்கின்றன.

பயல் இதைப் பொய் சொல்லவில்லை.

அவருக்கு நெஞ்சில் ஏதோ இளகியது. தன் ஊரை அன்றைக்குத்தான் பார்க்கிற மாதிரி இருந்தது. காட்டியது தன் மகன். எல்லார் பார்வையும் அவன் வாயில் இருந்தது, அவன் அதைத் தாங்கி நின்றான். ரேடியோ என்று சொல்லிச் சிரித்திருக்க வேண்டாம் என்று முதல் தடவையாகத் தோன்றியது. கடையைக் கொடுத்தால்தான் என்ன. மெஷினை வீட்டு முன்னறையில் போட்டுக்கொண்டால் போகிறது. சாயங்காலம் கையெழுத்துப் போட்டுவிடுவது என்று நடந்துகொண்டே முடிவு செய்தார். மூட்டு வலி கூடக் குறைந்த மாதிரி இருந்தது.

அந்த முடிவோடு அவர் நடந்தது இரண்டு தெரு.

*

சந்துக்குள் திரும்பியதும் அவருடைய கடை. ஷட்டர் கீழே கிடந்தது. மகன் அதன் முன்னால் போய் நின்று குடையை மடக்கினான். அப்பாவைப் பார்க்கவில்லை.

"இது ஒரு சாவிக்காரரோட கடை."

"பூட்டியிருக்கே. அவர் எங்க?" என்றாள் டீச்சரம்மா.

ஒன்று. இரண்டு.

"போன மாசம் தவறிட்டாருங்க."

கூட்டம் த்சொ த்சொ என்றது. சாவிக்காரர் பல் டாக்டரின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். தான் சரியாகக் கேட்கவில்லையோ என்று ஓர் அடி முன்னால் வந்தார். மகன் தடுமாறவில்லை. இறங்கிவிட்ட ஆளுக்கு நீந்துவதைத் தவிர வேறு வழியில்லை.

"இந்த ஊர்ல அவர் திறக்காத பூட்டு இல்லை. ஆனா சொந்த வீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியாது. சம்சாரம் ஒருத்தி இருக்கிறதே மறந்துபோற அளவுக்குத் தொழில். ஒருநாள் அவங்க வீட்டைப் பூட்டினாங்க. ஒரு பச்சைப் பையை எடுத்தாங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் கடைசி பெஞ்சில உட்கார்ந்தாங்க. யாராவது வந்து கூப்பிடுவாங்கன்னு சாயங்காலம் வரைக்கும் இருந்தாங்க. யாரும் வரலை. பஸ் ஏறிட்டாங்க."

பச்சைப் பை.

சாவிக்காரர் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பச்சைப் பை கிடக்கிறது. எப்போது வந்தது என்று அவர் கேட்டதே இல்லை.

"அன்னைக்கு வாயை மூடினவர்தான். அப்புறம் ஒரு வார்த்தை பேசலை. தினமும் ஒரு சாவி வெட்டுவார். அந்த வீட்டுக் கதவுல போட்டுப் பார்ப்பார். திறக்காது. கொண்டு வந்து இங்க மாட்டுவார். திறக்கத் தெரியாம இல்லைங்க. திறந்தா உள்ளே யாரும் இல்லைன்னு தெரிஞ்சுடுமேன்னு, வேணும்னே தப்பா வெட்டினார்."

இப்போது புரிந்தது, கிழவி ஏன் அழுதாள், அந்த ஜனங்கள் எதற்குச் சாவி வாங்கினார்கள் என்று. அத்தனை பேரும் அவர் அவமானத்தில் ஆளுக்கொரு துண்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். அவர் அரத்தைப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"ஊர்ப் பூட்டையெல்லாம் கட்டி மேய்ச்ச மனுஷன், பொண்டாட்டிக்கு ஒரு பூட்டுப் போட மறந்துட்டாரே" என்றார் பல் டாக்டர். அவருக்கே அது ரொம்பப் பிடித்துப்போனது. மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். சிரித்தார்கள்.

மகனும் சிரித்தான். வாடிக்கையாளர் ஜோக் அடித்தால் சிரிக்க வேண்டும். அதுவும் ஒரு விதியாக இருக்கலாம்.

சாவிக்காரர் கையைத் தூக்கினார்.

"தம்பி, எனக்கு ஒரு சந்தேகம்."

மகன் அவரைப் பார்த்தே ஆகவேண்டியிருந்தது. "சொல்லுங்க பெரியவரே."

"அந்த மனுஷனுக்குப் பிள்ளைங்க யாரும் இல்லையா? எடுத்துப் போடக்கூட?"

கூட்டம் மகன் பக்கம் திரும்பியது. மேனேஜரம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். ஒன்று. இரண்டு.

"இல்லைங்க. பிள்ளை கிடையாது."

"நல்லவேளை" என்றார் சாவிக்காரர்.

அதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் கை தட்டினார்கள். புது ஜோடி ஷட்டர் முன்னால் தோளோடு தோள் சேர்ந்து நின்றது. "பெரியவரே, ஒரு போட்டோ எடுத்துக் குடுங்களேன்" என்று பையன் போனை நீட்டினான். சாவிக்காரர் வாங்கினார். எங்கே அமுக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லிக் கொடுத்தாள். தன் கடை வாசலில், தான் செத்த இடத்தில், அவர்களை அவர் படம் பிடித்துக் கொடுத்தார்.

"கை ஆடிடுச்சு போல. பரவாயில்லை விடுங்க" என்றாள் அந்தப் பெண்.

சந்து முனையில் மகன் ஓடி வந்து பிடித்தான்.

"அப்பா, அது சும்மா கதைப்பா. எல்லா ஊர்லயும் இப்படித்தான் சொல்லுவாங்க."

"காய்ச்சல்னு சொல்லியிருக்கலாம். கடை லீவுன்னு சொல்லியிருக்கலாம்."

"அந்த நேரத்துல வாயில அது வந்துடுச்சு."

"அதைத்தான்டா கேக்குறேன். முதல்ல ஏன் அது வந்துச்சு?"

மூன்று எண்ணியாயிற்று. அதற்கு மேலும் ஆயிற்று. ரேடியோவிடம் பதில் இல்லை. மேனேஜரம்மா கூப்பிட்டாள், அவன் போய்விட்டான்.

*

வீட்டில் மனைவி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிப் பேசினான்?"

"நல்லாப் பேசினான்."

"நிஜமாவா? உங்க வாயிலருந்து இது வந்ததே போதும். கூட்டம் என்ன சொல்லுச்சு?"

"அழுதாங்க. சிரிச்சாங்க. கை தட்டினாங்க."

அவளுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். தட்டில் சாப்பாட்டை இன்னொரு கரண்டி தள்ளினாள். சாவிக்காரர் சாப்பிட்டுக்கொண்டே அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தார்.

"அந்தப் பச்சைப் பையில என்ன இருக்கு?"

கரண்டி பாத்திரத்தில் இடித்தது. "பழைய துணி. ஏன்?"

"எங்கேயாவது கொண்டு போயிருக்கியா அதை?"

"எங்க போகப்போறேன், நீங்க எங்க கூட்டிட்டுப் போயிருக்கீங்க" என்றாள். சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டாள். கழுவுவதற்கு அங்கே ஒரு பாத்திரமும் கிடையாது என்று அவருக்குத் தெரியும்.

இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். சாவிக்காரர் கேட்கவில்லை. அவர் மனதில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கையைக் கழுவிவிட்டுக் கருவிப் பெட்டியை எடுத்தார்.

"இருட்டுறதுக்கு முன்னாடி அவனைக் கடைக்கு வரச்சொல்லு. அந்த மேனேஜரையும் கூட்டிட்டு வரட்டும். நீயும் வா."

"கையெழுத்துப் போடத்தானே?"

"வா, வந்து பாரு. நல்ல துணியா உடுத்திக்கிட்டு வா."

அவள் சிரித்தாள். வெகுநாளாக அப்படி அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை. பார்த்துவிட்டும் போனார். அந்த மனுஷரை நான் நல்லவர் என்று உங்களிடம் எந்த வாரமும் சொன்னதில்லை.

*

மத்தியானம் முழுக்க அவர் ஷட்டரின் நடுப்பூட்டைக் கழற்றி வேறு பூட்டு மாட்டினார். கடையிலேயே நல்ல பூட்டு, விற்க மனசு வராமல் வைத்திருந்தது. அதற்கு இரண்டே சாவி. ஷட்டரை உள்ளிருந்து இழுத்துப் பூட்டி, இரண்டு சாவியையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர்கள் வந்தார்கள். காலடிச் சத்தத்திலேயே தெரிந்தது. மேனேஜரம்மாவின் குதிகால் டக் டக்கென்று. மனைவியின் இடது செருப்பு எப்போதும் போல இழுபட்டு. மகனின் சாவி பூட்டுக்குள் நுழைந்தது, திரும்பவில்லை. வெளியே எடுத்தான், ஊதினான், மறுபடி நுழைத்தான். பழைய பூட்டுக்கு அவரே அவனுக்கு வெட்டிக் கொடுத்த சாவி. அது வெறும் இரும்பைச் சுரண்டும் சத்தத்தைச் சாவிக்காரர் கண்ணை மூடிக் கேட்டார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுகமான சத்தத்தை அவர் கேட்டதில்லை.

"அப்பா? உள்ளயா இருக்கீங்க?"

"அப்பா தவறிட்டார். போன மாசம்."

"என்னங்க இது?" என்றாள் மனைவி.

"உன் மகனைக் கேளு. அவனுக்கு அப்பன் இல்லை. எனக்குப் பிள்ளை இல்லை. நீ பச்சைப் பையோட பஸ் ஸ்டாண்டு கடைசி பெஞ்சுல தனியா காத்திருந்துட்டு பஸ் ஏறிப் போயிட்ட. ஊரே கை தட்டுச்சு."

மகனின் குரல் இப்போது வழிகாட்டியின் குரல் அல்ல. "நீங்க மட்டும் என்னப்பா? ஒரு சாவி வெட்ட வரலைன்னு, கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் என்னைக் காட்டி 'வேலைக்கு வந்த பையன்'னுதானே சொன்னீங்க. ஒரு நாளா ரெண்டு நாளா. எனக்குப் பக்கத்துல நின்னே சொல்லுவீங்க. நான் ஒரு தடவை சொன்னதுக்குப் பூட்டை மாத்திட்டீங்க."

சாவிக்காரர் வைத்திருந்த வேட்டு வேறு.

"மேனேஜரம்மா, இருக்கீங்களா? காலையில செத்தவன்தான் பேசறேன். உங்க ஆள் சொன்னது முழுப் பொய். கடை கிடையாது. இனிமே கதையும் கிடையாது. இப்படிப்பட்டவனை வேலைக்கு வச்சிருக்கிறதா வேண்டாமான்னு நீங்க பார்த்துக்குங்க."

இதற்காகத்தான் அவளை வரச்சொன்னது. இதற்காகத்தான் மத்தியானம் முழுக்க முதுகு ஒடிய வேலை செய்தது.

மேனேஜரம்மா இரண்டு விரலால் ஷட்டரைத் தட்டினாள், மரியாதையாக.

"ஐயா, அது பொய்னு எனக்குத் தெரியாதா? காலையில அந்த நடையில இதுதான் எல்லாருக்கும் பிடிச்சுது. நானே சொல்லணும்னு இருந்தேன், கடை பூட்டியே இருக்கட்டும். நீங்க உள்ளே உட்கார்ந்திருக்கிறதை விட இது நல்லா எடுபடுது. தெரு பொதுத் தெரு. வாசல்ல நின்னு பேசறதுக்குக் கையெழுத்து ஒண்ணும் தேவையில்லை." பிறகு மகனிடம், "புதன்கிழமையிலருந்து வாரத்துல மூணு நாள் போடலாம். அந்த 'நல்லவேளை'ன்னு ஒருத்தர் சொன்னாரே, அதையும் சேர்த்துக்குங்க" என்றாள்.

டக் டக்கென்று போய்விட்டாள்.

சாவிக்காரர் நாற்காலியில் அப்படியே இருந்தார். அவருடைய நல்ல பூட்டு அவரைத்தான் பூட்டியிருந்தது. வெளியே இருந்த யாருக்கும் அதனால் ஒரு குறையும் இல்லை.

மகன் தன் சாவியைப் பூட்டிலிருந்து உருவினான். "அம்மா, வாங்க போகலாம்."

"நீ போ" என்றாள். அவன் போகும் சத்தம் கேட்டது.

அவள் ஷட்டருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நல்ல துணி அழுக்காகும் என்று அவருக்குத் தோன்றியது, என்ன நேரத்தில் என்ன நினைப்பு.

"பச்சைப் பையைப் பத்திக் கேட்டீங்களே" என்றாள். "போனேன். நீங்க வெளியூருக்கு ஒரு இரும்புப் பெட்டியைத் திறக்கப் போயிருந்தப்ப. பஸ் ஸ்டாண்டுல கடைசி பெஞ்சு. அவன் அப்படியே ஞாபகம் வச்சிருக்கான்னு எனக்கும் இப்பதான் தெரியுது. ஒண்ணை மட்டும் விட்டுட்டான்."

சாவிக்காரர் உள்ளங்கைச் சாவிகளை இறுக்கி மூடிக்கொண்டார்.

"அவனும் என் கூட இருந்தான். சின்னப் பையன். பஸ் வந்துச்சு, ஒரு காலைப் படியில வச்சுட்டேன். 'அப்பாகிட்ட போகணும், அப்பாகிட்ட போகணும்'னு என் துணியைப் பிடிச்சு இழுத்து அழுதான். அந்தச் சனியனாலதான் இறங்கினேன். நீங்க வந்தப்ப சாப்பாடு தயாரா இருந்துச்சு. உங்களுக்கு ஒண்ணும் தெரியலை."

சந்தில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"திறக்கப் போறீங்களா?"

திறந்திருக்கலாம். சாவி கையில் இருக்கிறது, பூட்டு கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் இப்போது திறந்தால் மேனேஜரம்மாவிடம் தோற்றது தோற்றதாகிவிடும், மகனிடம் தோற்றது தோற்றதாகிவிடும். பெண்டாட்டி முன்னால் முகத்தைக் காட்ட வேண்டும். சாவிக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அப்பவே போயிருக்க வேண்டியதுதானே" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் அது தன் குரல் என்று அவருக்கே தெரிந்தது. மூன்று எண்ணுவதற்குள் வந்த பதில்.

வெளியே அவள் எழுந்தாள். துணியைத் தட்டிவிட்டுக்கொண்டாள். ஷட்டருக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் ஏதோ உரசியது. ஒரு சாவி உள்ளே வந்து அவர் காலருகில் நின்றது. வீட்டுச் சாவி. அவர் வெட்டியதுதான். தலையில் அவள் கட்டைவிரல் படும் இடம் தேய்ந்து பளபளத்தது.

"பை வீட்டுலயே இருக்கட்டும்" என்றாள். "இந்தத் தடவை இழுத்துப் பிடிக்க ஆள் இல்லை."

இடது செருப்பு இழுபட்டுக்கொண்டு போனது. சந்து முனையில் அவள் நிற்பாள். சண்டை போட்டுவிட்டுப் போகும்போதெல்லாம் முனையில் ஒரு தடவை நின்று, திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போவாள். சாவிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சரியாக அப்போது பெரிய தெருவில் ஒரு பஸ் இரைந்துகொண்டு வந்து நின்றது. கிளம்பிப் போனது. அந்த இரைச்சல் அடங்கிய பிறகு சந்தில் ஒரு சத்தமும் இல்லை.

முனையில் நிற்கிறாளா, போய்விட்டாளா. ஷட்டரைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு சாவியும் அவர் கையில்தான் இருந்தன. தெரிந்துகொள்வதுதான் அவரால் முடியவில்லை.